வந்தவாசியில் தோற்ற ஐரிஷ் பிரபு

நம்ம நாட்றம்பள்ளியிலிருந்து சென்னை ரோட்டைப் பிடிச்சா ஆம்பூர், வேலூர், ஆற்காடு வரும். அங்கிருந்து தென்கிழக்கே இறங்கினா வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று அங்கே ஆங்கிலேயரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, ஐரிஷ் வம்சம்.

1688-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அரியணையை இழந்தார். அவர் பக்கமே நின்றவங்கதான் ஜேக்கபைட்டுகள். ஜேம்ஸ் என்ற பெயரோட லத்தீன் வடிவம் ஜேக்கபஸ். அதிலிருந்து வந்த பேர். லாலியின் அப்பா அயர்லாந்தின் கால்வே பகுதிப் பிரபு. அந்த விசுவாசத்தால் நாட்டை இழந்து பிரான்சுக்குப் போனவர். மகனும் 1745-ல் தொடங்கிய ஸ்டூவர்ட் இளவரசரின் கிளர்ச்சியில் சேர்ந்தார்.

1758-ல் லாலி புதுச்சேரி வந்தார். கடலூர் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். ஆனா கையில் பணமில்லை. படைக்குச் சம்பள பாக்கி. உள்ளூர் மக்களை மிரட்டி, சாதி வழக்கம் எதையும் மதிக்காமல் சுமை தூக்க வைத்தார், ஆதரவும் போச்சு. சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் தோற்றது. வந்தவாசிக்குப் பிறகு, 1761 ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது.

போர்க்கைதியா லண்டன் போனவர், பிரான்சில் தன்மேல் பழி கிளம்பியதைக் கேட்டு, பதில் சொல்லத் தானே திரும்பினார். 1766 மே 9 அன்று பாரிஸில் தலையை வெட்டினாங்க, வாயைக் கட்டி. எழுத்தாளர் வால்டேர் அவருக்காக வாதாடினார். 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

லாலி தோற்றார், தப்பும் செய்தார். ஆனா துரோகி இல்லை. அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய பிரான்சுக்கு 12 வருஷம் ஆச்சு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.