எழுத்துப் பிழையும் முதலீட்டுப் பேச்சும்

பணத்தைச் சேமிப்பது பற்றியும், சேமித்ததைப் பங்குகளிலும் பத்திரங்களிலும் இடுவது பற்றியும் தமிழர் கூடும் இடங்களிலெல்லாம் இன்று பேச்சு நிகழ்கிறது. மும்பை மாதுங்காவாயினும், தில்லி கரோல்பாகாயினும் இதே நிலைதான். இப்பேச்சு எழுத்து வடிவம் கொள்ளும்போது ஒரு விந்தையைக் காண்கிறோம். "பங்கு சந்தையில் இரக்கம் வந்தால் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டு எழுதுகிறார். "பங்குச் சந்தை என்று ஒற்று மிகவேண்டும், இறக்கத்துக்கு வல்லின றகரம் இடவேண்டும்" என்று மற்றொருவர் திருத்துகிறார். "சந்தைக்கு இரக்கம் ஏது?" என்று மூன்றாமவர் நகைக்கிறார். நகைச்சுவை நன்றே. ஆனால் கேட்டவரின் வினா விடையின்றி நிற்கிறது.

அப்படியாயின் பிழை திருத்துவதே தவறா? அன்று. பிழைகளில் பொருளைக் கெடுக்காதவை உண்டு. பொருளையே மாற்றிவிடுபவையும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் முன்னதைக் கடிந்து பின்னதை விட்டுவிடுவதுதான் தவறு.

ஒற்று விடுபட்டதால் எவரும் பணம் இழந்ததில்லை. வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியையோ, மராத்தியையோ, வங்காளியையோ கற்கின்றனர். தமிழைப் பெரும்பாலும் வீட்டில் செவிவழியாகவே பெறுகின்றனர். செவிக்கு ரகரமும் றகரமும் இன்று ஏறத்தாழ ஒன்றே. அத்தகைய ஒருவர் தமிழில் வினவ முன்வருவதே பாராட்டத்தக்கது. அவரை எள்ளினால் அவர் இலக்கணம் கற்கப் போவதில்லை, கேட்பதையே நிறுத்திவிடுவார். அறிந்தோரைக் கேளாமல் முதலிடுவோர் ஏமாற்றுவோர் கையில் எளிதில் சிக்குகின்றனர்.

இனி, அவசியம் திருத்தவேண்டிய பிழைகளைக் காண்போம். முதலாவது, எண்களைச் சார்ந்த சொற்பிழை. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 6.50 விழுக்காட்டிலிருந்து 6.25 விழுக்காடாகக் குறைத்தது. இதனை "கால் விழுக்காடு குறைந்தது" என்று பலர் எழுதினர். உண்மையில் குறைந்தது கால் விழுக்காட்டுப் புள்ளி. பழைய வட்டியோடு ஒப்பிட்டால் அக்குறைவு ஏறத்தாழ 3.85 விழுக்காடாகும். வீட்டுக்கடன் கணக்கிடுவோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. அவ்வாறே மில்லியன் என்பது பத்து இலட்சம். பில்லியன் என்பது நூறு கோடி. இதில் தடுமாறினால் ஒரு நிறுவனத்தின் கடன் பன்மடங்கு பெருகியோ சுருங்கியோ தோன்றும்.

இரண்டாவது, பெயர்ப்பிழை. 2020 மார்ச்சில் அமெரிக்காவில், காணொளி உரையாடலுக்குப் பெயர்பெற்ற சூம் நிறுவனத்தின் பங்கு என்றெண்ணிப் பெயரொத்த வேறொரு சிறு நிறுவனத்தின் பங்கைப் பலர் வாங்கினர். அந்நாட்டுப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அப்பங்கின் வணிகத்தைச் சிறிது காலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. நம் நாட்டிலும், 2021 ஏப்ரலில் கொரோனாவின் இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தின் பங்கு விலை பெரிதும் ஏறியது. அந்நிறுவனமோ வாயு வணிகத்தை 2019ஆம் ஆண்டிலேயே விட்டுவிட்டிருந்தது. பெயரை முழுமையாகப் படித்து, அதன் தொழில் யாதென அறிவதும் ஒருவகை இலக்கணமே.

மூன்றாவது, நம்முடைய பெயரிலேயே நேரும் பிழை. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவர். பிற மாநிலங்களின் படிவங்களோ குடும்பப் பெயர் கேட்கும். ஓரிடத்தில் 'ஆர். முருகன்' என்றிருப்பவர் மற்றோரிடத்தில் 'முருகன் ராமசாமி' ஆகிவிடுகிறார். இலட்சுமி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் 'கே, எஸ், எச்' இடுகிறோம். மும்பையில் பெரும்பாலும் 'எக்ஸ்' இடுகின்றனர். வங்கிக் கணக்கு, நிரந்தரக் கணக்கு எண் அட்டை, டிமேட் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் ஒன்றாக இல்லையெனில் தொல்லை நேரும். ஏழாண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை பெறப்படாத பங்குகள், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்படுகின்றன. அவற்றை மீட்கலாம், ஆனால் இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சான்றுகளால் நிறுவவேண்டி வரும். இங்கே ஓர் எழுத்தும் விலையுடையது.

நான்காவது, வினைமுற்றில் ஒளிந்திருக்கும் பிழை. "ஆண்டுக்கு 12 விழுக்காடு கிடைக்கும்" என்னும் தொடரில் ஒற்றுப் பிழையோ எழுத்துப் பிழையோ இல்லை. எனினும் ஏற்ற இறக்கமுள்ள பங்கு முதலீட்டைப் பற்றிச் சொன்னால் அது பெரும்பிழை. "இதுவரை கிடைத்தது" என்பது வரலாறு. "கிடைக்கலாம்" என்பது எதிர்பார்ப்பு. "கிடைக்கும்" என்பதோ வாக்குறுதி. வங்கி வைப்புத்தொகையின் வட்டியைச் சொல்லும்போது பொருந்தும் வினைமுற்று, பரஸ்பர நிதிக்குப் பொருந்தாது. ஏமாற்றுவோரின் மடல்கள் சில வேளை மாசற்ற நடையில் அமைந்திருப்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நடை செம்மையாயிருப்பதால் கணக்கும் செம்மையாகிவிடாது.

ஆகவே ஒருவர் முதலீடு பற்றிக் கேட்டால் முதலில் அவர் வினாவுக்கு விடை கூறுக. எண், பெயர், காலம் இம்மூன்றில் பிழையிருந்தால் தயங்காது திருத்துக. ஒற்றும் றகரமும் தவறியிருந்தால், நம் விடையில் அச்சொற்களைச் சரியாக எழுதினாலே போதும். கேட்டவர் அதைக் கண்டு தாமே கற்றுக்கொள்வார். அவர் பணமும் காப்பாற்றப்படும். தமிழில் கேட்கும் துணிவும் குன்றாது.