ஜெராய் மலையில் ஒரு பகல்



கெடா மாநிலத்தில் பீடோங், குரூண், மெர்போக் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜெராய் மலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வாசலில் நின்று தலையை உயர்த்தினால் மலை தெரியும். உச்சியில் மேகம் கவிந்தால், கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம். ஆனால் அதன்மேல் ஏறிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இதன் உயரம் 1,217 மீட்டர். கடலோரச் சமவெளியில் தனித்து நிற்பதால் வெகுதொலைவுக்குத் தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்காலக் கப்பல்காரர்களுக்கு இதுவே அடையாளம். குரூணிலிருந்து மேலே போகத் தார்ச்சாலை உண்டு. வயதானவர்கள் காரில் போகட்டும். கால் வலுவுள்ளவர்கள் காட்டுப் பாதையில் நடப்பதே நல்லது. மலைத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பழகிய கால்களுக்கு இந்த ஏற்றம் பெரிதல்ல. பிள்ளைகளை மட்டும் அடிக்கடி உட்கார வைக்க வேண்டும்.

இது காப்புக்காடு. ஆகவே காட்டுப் பாதையில் ஏறுவதற்கு மாநில வன இலாகாவின் அனுமதி பெற வேண்டும். அனுமதிச் சீட்டு வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் மலையில் இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தால்தான், திரும்பாதபோது தேடி வருவார்கள். வீட்டிலும், எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லி வையுங்கள்.

விடிந்ததும் கிளம்புங்கள். நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். உச்சியை எட்டாவிட்டாலும் மதியம் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மலை எங்கும் போய்விடாது.

ஏற ஏறக் காற்று குளிரும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறு பாகை வெப்பம் குறையும். அடிவாரத்தில் வியர்த்த சட்டை மேலே ஈரத்தோடு உடலில் ஒட்டினால் குழந்தைக்கு நடுக்கம் வரும். மாற்றுச்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். மண் வளம் குறைந்த இடங்களில் குடுவைச் செடியைத் தேடிப் பாருங்கள். மலாய்க்காரர்கள் அதைப் ‘பெரியோக் கெரா’, அதாவது குரங்குப் பானை, என்பார்கள். மண்ணில் கிடைக்காத சத்தை, குடுவைக்குள் விழும் பூச்சியைக் கரைத்து அது எடுத்துக்கொள்கிறது. பறிக்க வேண்டாம், பிள்ளைகள் குனிந்து உள்ளே பார்த்தால் போதும். அட்டைக்கு நம் பெரியவர்களின் வைத்தியமே சரி: புகையிலை ஊறிய நீரைக் காலுறையில் தடவிக்கொள்வது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இறங்கும் வழியில் ஓடையைக் கண்டால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க மனம் வரும். பிள்ளைகள் நீரில் குதிப்பார்கள். அங்கே வெயில் அடிக்கும். ஆனால் அதே நேரத்தில் உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். மேலே மண் சரிந்து, மரங்கள் விழுந்து ஓடையை அடைத்துக்கொள்ளும். பின்னால் தேங்கிய நீர் ஒரு கணத்தில் அந்த அடைப்பை உடைத்துக்கொண்டு, கல்லும் மரமுமாக உருண்டு வரும். இதைத்தான் மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ என்கிறார்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி இந்த ஜெராய் மலையிலிருந்தே அப்படியொரு வெள்ளம் இறங்கி, யான் வட்டாரத்தில் வீடுகளை அழித்தது; உயிர்களையும் கொண்டுபோனது.

அறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் திடீரென்று கலங்கும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். தண்ணீரின் இரைச்சல் மாறும். சில வேளைகளில் நீர் காரணமில்லாமல் வற்றும். மீன் பிடிக்கலாம் என்று மகிழாதீர்கள், மேலே அடைத்திருக்கிறது என்று பொருள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். ஓடையோடு கீழ்நோக்கி ஓடக்கூடாது. வெள்ளம் உங்களைவிட வேகமாக வரும். செருப்பு, சட்டி, கைத்தொலைபேசி எதற்காகவும் திரும்பாதீர்கள். எதிர்க்கரையில் பொருளை வைத்துவிட்டு இக்கரையில் குளிப்பதும் வேண்டாம். இரு கரைகளிலும் உட்காரும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

பொழுது மிச்சமிருந்தால் மெர்போக் பக்கம் இறங்கி, பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட்காட்சிசாலைக்குப் போகலாம். இது 1980இல் திறக்கப்பட்டது. அதை அடுத்துப் புக்கிட் பத்து பஹாட் என்னுமிடத்தில் ஓடைக்கரையில் ஒரு கற்கோயிலின் அடித்தளம் இருக்கிறது. குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1930களில் இதை அகழ்ந்தார். 1960 வாக்கில் கற்களை முறையாக அடுக்கிச் சீர்படுத்தினார்கள். கடாரம் என்று சோழர் காலத்துக் கல்வெட்டு சொல்வது இந்த வட்டாரத்தையே என்பது அறிஞர் பலரின் கருத்து. சுங்கைப்பட்டாணிக்கும் மெர்போக்குக்கும் இடையே சுங்கை பத்துவில், செம்பனை நின்ற தோட்ட மண்ணுக்கு அடியிலிருந்தே பழைய இரும்பு உலைகள் 2009 முதல் வெளிப்பட்டன.

கோயிலின் கூரை இப்போது இல்லை. மரத்தூண்கள் நின்ற கல் பீடங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் உளியால் குடைந்த குழியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.