கடனட்டை யாருக்கு இலாபம்?

வத்தேகமயிலிருந்து கண்டிக்குப் போய்ப் பெருநாள் உடுப்பு வாங்கும் சகோதரிகளே! கையில் காசில்லாவிட்டால் கடனட்டையை நீட்டுகிறோம். வங்கி நமக்காகக் கடைக்காரருக்குப் பணம் கொடுக்கிறது. இதில் அதற்கென்ன இலாபம்?

முதலாவது, கடைக்காரருக்குக் கொடுக்கும்போதே விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கழித்துக்கொள்கிறது. அடுத்தது, ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், அட்டையால் காசெடுத்தால் அதற்கொரு கட்டணம். எல்லாவற்றையும் விடப் பெரியது வட்டி.

பொருள் வாங்கிய தொகை முழுவதையும் தவணைக்குள் கட்டுபவரிடம் வட்டி அறவிடப்படுவதில்லை. 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டுபவரே வங்கிக்கு வருமானம். 100,000 ரூபா கடனுக்கு ஆண்டு வட்டி 24 வீதம் என்று வையுங்கள். மாதத்துக்கு வட்டி 2,000 ரூபா. நாம் 5,000 கட்டினால் கடனில் குறைவது 3,000 மட்டுமே!

2020இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு விதித்தது. 2022இல் உச்சவரம்பே நீக்கப்பட்டது.

வட்டி நமக்கு ஹராம் என்பது தெரிந்ததே. தவணைத் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்குள் முழுவதும் கட்ட முடியாதென்றால், அந்த உடுப்பு கடையிலேயே இருக்கட்டும். இருப்பதைத் துவைத்து உடுத்தாலும் பெருநாள் பெருநாள்தான்.