வீடு போலக் கடன், வண்டி போலத் தேய்மானம்

அமெரிக்காவில் ஆர்.வி. என்று சுருக்கி அழைக்கப்படும் பொழுதுபோக்கு வாகனம், படுக்கை, அடுப்பு, கழிப்பறை மூன்றையும் சுமந்தபடி சாலையில் ஓடும் வீடு. படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனைப் பார்த்த தமிழ் வாசகர்களுக்கு அதன் உருவம் புதிதல்ல. இங்கே அது நடிகர்கள் இளைப்பாறும் அறை. அங்கே நடுத்தரக் குடும்பங்களும் ஓய்வுபெற்ற தம்பதியரும் தவணையில் வாங்கும் பொருள். அந்தத் தவணையில்தான் ஒரு விசித்திரம் இருக்கிறது. கடன் காலம் வீட்டுக் கடனைப் போல 10, 15, சில சமயம் 20 ஆண்டுகள் நீள்கிறது. பிணையாக நிற்பதோ, டீலரின் வாசலைத் தாண்டிய நாளிலேயே விலை இறங்கத் தொடங்கும் வண்டி. ஆர்.வி. கடனின் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையிலிருந்தே கிளைக்கின்றன.

ஆர்.வி.யில் பல வகை உண்டு. தானே ஓடுவது மோட்டார் ஹோம், இழுத்துச் செல்ல வேண்டியது டிரெய்லர். மோட்டார் ஹோமில் 'ஏ' வகுப்பு பேருந்து போன்ற உடல் கொண்டது. 'பி' வகுப்பு, மெர்சிடீஸ் ஸ்பிரின்டர், ஃபோர்டு டிரான்சிட் போன்ற வேனுக்குள் அடக்கிக் கட்டப்படுவது. 'சி' வகுப்பில் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும். டிரெய்லர்களில், வண்டியின் பின்கொக்கியில் மாட்டும் டிராவல் டிரெய்லர் ஒன்று. பிக்கப் டிரக்கின் சரக்குத் தட்டில் கழுத்தை ஊன்றிக்கொள்ளும் 'ஃபிஃப்த் வீல்' இன்னொன்று. சிறிய டிரெய்லர் 20,000 டாலர் அளவில் கிடைக்கும். டீசல் எஞ்சின் பொருத்திய பெரிய 'ஏ' வகுப்பு வண்டிக்குப் பல லட்சம் டாலர் ஆகும். டிரெய்லர் மலிவு என்று போகிறவர்கள் அதை இழுக்கும் திராணியுள்ள டிரக்கின் விலையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவதுண்டு. அப்போது கடன் ஒன்றல்ல, இரண்டு.

கடன் காலம் தொகையைப் பொறுத்தது. சிறிய டிரெய்லருக்கு 20 ஆண்டுக் கடன் யாரும் தருவதில்லை. தொகை பெருகப் பெருகத்தான் ஆண்டுகள் நீளும். முன்பணம் பொதுவாக 10 முதல் 20 சதவீதம். வட்டி, கார் கடன் வட்டியைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது என்பதால், கையில் காசு குறைந்தாலும் கார் தவணையைக் கட்டிவிடுவார்கள். விடுமுறை வண்டியின் தவணைதான் முதலில் தவறும் என்பது கடன் கொடுப்பவர்களின் அச்சம். ஆகவே விண்ணப்பதாரரின் கடன் மதிப்பெண்ணை அவர்கள் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ மதிப்பெண் 300 முதல் 850 வரை போகும். 700-க்கு மேல் இருப்பவருக்கும் 600-ஐ ஒட்டி இருப்பவருக்கும் வட்டி வெகுவாக வேறுபடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தக் கடனின் குணம் விளங்கும். வண்டியின் விலை 1,00,000 டாலர், முன்பணம் 20,000, கடன் 80,000 என்று வைத்துக்கொள்ளலாம். வட்டி ஆண்டுக்கு 8.5 சதவீதம், காலம் 15 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 788 டாலர். முதல் ஆண்டில் மொத்தம் சுமார் 9,450 டாலர் கட்ட வேண்டும். அதில் 6,690 டாலர் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது வெறும் 2,760. ஐந்து ஆண்டு தவறாமல் கட்டிய பிறகும் 63,500 டாலர் பாக்கி நிற்கும். 180 தவணைகளும் முடியும்போது வட்டியாக மட்டும் கிட்டத்தட்ட 61,800 டாலர் போயிருக்கும். இதே கடனைப் பத்தே ஆண்டில் அடைத்தால் மாதம் 992 டாலர், மொத்த வட்டி 39,000. இருபது ஆண்டுக்கு இழுத்தால் மாதம் 694 டாலர், வட்டி 86,600. பதினைந்தை இருபதாக்கினால் மாதம் மிச்சமாவது 94 டாலர், கடைசியில் கூடுதலாகக் கொடுப்பது 24,800 டாலர்.

இந்தப் பக்கம் அசல் ஆமை வேகத்தில் கரைய, அந்தப் பக்கம் வண்டியின் விலை வேகமாகச் சரிகிறது. புது ஆர்.வி. முதல் ஆண்டிலேயே விலையில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. அதன்படி மேலே சொன்ன வண்டி ஓராண்டில் 80,000 டாலருக்குத்தான் விலைபோகும். கடன் பாக்கி 77,240. மயிரிழையில் தப்பித்த நிலை. முன்பணம் 10 சதவீதம் மட்டும் கட்டி 90,000 டாலர் கடன் வாங்கியிருந்தால் பாக்கி 86,900. வண்டியை விற்றாலும் கையிலிருந்து 6,900 டாலர் போட்டால்தான் கடன் தீரும். அமெரிக்கர்கள் இதைத் 'தலைகீழாக நிற்பது' என்பார்கள். வண்டி விபத்தில் முற்றிலும் சேதமானால் காப்பீட்டு நிறுவனம் அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். மீதிக் கடன் வாங்கியவர் தலையில் விழும். அந்த இடைவெளியை ஈடுகட்டவே 'கேப்' என்னும் தனிக் காப்பீடு விற்கப்படுகிறது. முன்பணம் குறைவாகக் கட்டியவருக்கு அது பயனுள்ளது. பாதி விலையை ரொக்கமாகக் கொடுத்தவருக்கு வீண் செலவு.

கடன் கிடைக்கும் வழிகள் பல. வங்கியிடமோ, உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவுக் கடன் சங்கமான கிரெடிட் யூனியனிடமோ நேரடியாக வாங்கலாம். பிணையில்லாத் தனிநபர் கடனும் உண்டு. வட்டி அதிகம், காலம் குறைவு. சொந்த வீட்டின் மீது கடன் எடுத்து ஆர்.வி. வாங்குவோரும் இருக்கிறார்கள். வட்டி குறையலாம், ஆனால் தவணை தவறினால் பறிபோவது வண்டியல்ல, குடியிருக்கும் வீடு. இவை எல்லாவற்றையும்விடப் பலர் தேர்ந்தெடுக்கும் வழி, டீலரிடமே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது.

டீலர் வளாகத்தில் அதற்கென்றே ஓர் அறை இருக்கும். பேரம் முடிந்து, வண்டிக்குள் ஏறி இறங்கிப் பார்த்து, பிள்ளைகள் எந்தப் படுக்கை யாருக்கு என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் குடும்பம் அந்த அறைக்குள் போகிறது. வாங்கிவிடும் மனநிலை அதற்குள் வந்துவிட்டது. எதிரே இருக்கும் நிதிப் பிரிவு மேலாளர் முதலில் கேட்பது விலையையல்ல, "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதைத்தான். 700 டாலர் என்று பதில் வந்துவிட்டால், மற்ற எண்களை எல்லாம் அந்த 700-க்குள் அடக்கிவிட முடியும். நீட்டித்த உத்தரவாதம், டயர் பாதுகாப்புத் திட்டம், கேப் காப்பீடு, மாநில விற்பனை வரி, ஆவணக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து அசலை வீங்கவைக்கும். காலத்தை இரண்டு ஆண்டு நீட்டினால் தவணை பழையபடி நிற்கும். 3,000 டாலர் உத்தரவாதம் கடனோடு சேர்ந்துவிட்டால் அதற்கும் பதினைந்து ஆண்டு வட்டி கட்ட வேண்டும். உத்தரவாதமோ அதற்கு வெகுமுன்னரே காலாவதியாகியிருக்கும்.

வட்டியிலும் ஒரு மறைவான பங்கு இருக்கிறது. வங்கி டீலரிடம் 7.5 சதவீதத்துக்குக் கடன் தரச் சம்மதித்தால், டீலர் வாங்குபவரிடம் 8.5 என்று எழுதலாம். இடையிலுள்ள வித்தியாசத்தின் பெரும் பங்கு டீலருக்கு ஊதியமாகப் போகும். இது சட்டப்படியே நடக்கிறது. 80,000 டாலர் கடனில் இந்த ஒரு சதவீதம் மாதம் 46 டாலர், பதினைந்து ஆண்டில் 8,300 டாலர். கிரெடிட் யூனியனில் முன்னரே ஒப்புதல் வாங்கி, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் போகிறவரிடம் டீலர் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதுண்டு.

டீலரும் ஒரு கடனாளிதான். வளாகத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை 'ஃப்ளோர் பிளான்' என்னும் கடனில் வாங்கி நிறுத்தப்பட்டவை. விற்காத ஒவ்வொரு மாதத்துக்கும் அவற்றுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கோடைப் பயணக் காலம் முடிந்து புதிய ஆண்டு மாடல்கள் வந்திறங்கும் இலையுதிர்காலத்தில் பழைய சரக்கின் விலை இளகுவதற்கு இதுவே காரணம். இத்தொழில் எவ்வளவு தூரம் கடனில் மிதக்கிறது என்பதை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் பகுதி அறியும்; அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது. 2008-இல் கடன் சந்தை உறைந்தபோது தொழிற்சாலைகள் மூடின. ஃப்ளீட்வுட், மொனாக்கோ கோச் ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் 2009 மார்ச்சில் திவால் மனு தாக்கல் செய்தன. பெருந்தொற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழானது. 2021-இல் ஆலைகளிலிருந்து 6 லட்சம் வண்டிகள் வெளியேறின. 2022 மார்ச் முதல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்திக்கொண்டே போக, 2023-இல் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 3.13 லட்சமாகப் பாதியாகிவிட்டது.

சட்டத்திலும் ஒரு விநோதம் உண்டு. கடனின் உண்மையான ஆண்டு வட்டி விகிதம், மொத்த வட்டிச் செலவு ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது 1968-இல் வந்த 'ட்ரூத் இன் லெண்டிங்' சட்டம். ஆனால் ஒரு வரம்புக்கு மேற்பட்ட கடன்கள் அதன் கைக்கு எட்டுவதில்லை. அந்த வரம்பு 2025-இல் 71,900 டாலர். பிணையாக நிற்பது கடனாளி நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடாக இருந்தால் வரம்பு பொருந்தாது. சக்கரம் வைத்த வீட்டுக்கும் அதே சலுகை. ஆக, விடுமுறைக்கு மட்டும் 80,000 டாலர் கடனில் வண்டி வாங்குபவருக்கு இல்லாத பாதுகாப்பு, வண்டியிலேயே வாழப்போகிறவருக்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், அப்படி வாழப்போகிறவருக்குப் பல வங்கிகள் கடனே தருவதில்லை. ஆண்டு முழுவதும் பயன்படும் வண்டி சீக்கிரம் தேயும். கடனாளிக்கு நிலையான முகவரி இருக்காது, தவணை நின்றால் வண்டியை எங்கே தேடுவது என்பதும் கேள்வி. முழுநேரம் வண்டியில் வாழ்வோர் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அஞ்சல் முகவரி எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கடன் விண்ணப்பத்தில் உண்மையை மறைத்துப் பொய் எழுதினால் அது மோசடி.

விற்பனைப் பேச்சில் அடிக்கடி அடிபடும் இன்னொன்று வரிச் சலுகை. தூங்கவும் சமைக்கவும் வசதியும் கழிப்பறையும் உள்ள வாகனத்தை இரண்டாவது வீடாகக் கருதலாம் என்கிறது வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். அந்த வாகனத்தின் மீதே எடுத்த கடனுக்கான வட்டியை, முதல் வீட்டுக் கடனோடு சேர்த்து 7,50,000 டாலர் கடன் வரை, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். படுக்கை மட்டும் உள்ள எளிய டிரெய்லர் தேறாது. சிறிய சமையலறையும் கழிப்பறையும் இருந்தால் தேறும். கேட்க நன்றாக இருக்கும் இந்தச் சலுகை பலருக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பட்டியலிடாமல் எல்லோரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுக் கழிவு 2025-இல் தம்பதிக்கு 31,500 டாலர். முதல் ஆண்டு வட்டியான 6,690 டாலரை வைத்துக்கொண்டு அதைத் தாண்ட முடியாது; வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் கூடினால்தான் பலன்.

பழைய வண்டிக்குக் கடன் கிடைப்பது கொஞ்சம் கடினம். பத்து, பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் பல நிறுவனங்கள் தொடுவதே இல்லை. மற்றவற்றுக்கு, விற்பவர் சொல்லும் விலையை விட்டுவிட்டு ஜே.டி. பவர் வெளியிடும் மதிப்பு அட்டவணையைப் பார்த்துத்தான் தொகையைத் தீர்மானிக்கிறார்கள். தேய்மானத்தின் செங்குத்தான பகுதியை முதல் உரிமையாளர் தாங்கிவிட்டதால், மூன்று நான்கு ஆண்டுப் பழைய வண்டியில் கடனும் மதிப்பும் ஏறக்குறைய ஒட்டியே நடக்கும். கூரை வழியே நீர்க்கசிவு இருக்கிறதா என்று தனிப் பரிசோதகரை வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஊறிப்போன பலகைச் சுவரை எந்த அட்டவணையும் காட்டாது. கடன் உள்ளவரை முழுக் காப்பீடு கட்டாயம். பனிக்காலத்தில் நிறுத்திவைக்கும் இடத்துக்கான வாடகையும் தவணையோடு வரும்.

தவணை நின்றால், பெரும்பாலான மாநிலங்களில் கடன் கொடுத்தவர் நீதிமன்றம் போகாமலேயே, தகராறு எதுவும் ஏற்படாதவரை, வண்டியை எடுத்துச் செல்லலாம். ஏலத்தில் வந்த தொகை கடனுக்குப் போதவில்லையென்றால் குறையைக் கேட்டு வழக்குப் போடலாம். வண்டி போன பிறகும் கடன் துரத்துவது இப்படித்தான். இடையில் சொந்தமாக விற்க நினைப்பவருக்கும் ஒரு தடை உண்டு. வண்டியின் உரிமைப் பத்திரத்தில் கடன் கொடுத்தவரின் பெயர் பதிந்திருக்கும். எவ்வளவு பாக்கி என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தொகை முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகே அவர் உரிமையை விட்டுக்கொடுப்பார். அந்தப் பெயர் நீங்கிய பத்திரம் கைக்கு வந்தால்தான் அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்க முடியும்.