வண்டிப் பாட்டரியின் இருவகை

இரவுச் சந்தைக்குச் செல்லும் சிறு வேன் ஒன்றைக் கருதுக. எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியின் பாட்டரியிலிருந்தே கடை விளக்குகளையும் குளிர்ப்பெட்டியையும் வணிகர் இயக்குகிறார். முதல் மாதம் இடையூறு ஏதுமில்லை. மூன்றாம் மாதத்தில் ஒருநாள், கடை கட்டி வீடு திரும்பும் நேரத்தில் எஞ்சின் கிளம்ப மறுக்கிறது. மட்டச் சரக்கு என்று பாட்டரி விற்றவர்மேல் பழி விழுகிறது. உண்மையில் சரக்கு நல்லதே. எப்பணிக்கென அது அமைக்கப்பட்டதோ அதற்கு மாறான பணி அதனிடம் வாங்கப்பட்டது.

வண்டிகளுக்குரிய பாட்டரிகளில் இருவகை உண்டு. எஞ்சினைக் கிளப்புவதற்கென அமைந்தது ஸ்டார்ட்டர் பாட்டரி. இதனைத் தொடக்கப் பாட்டரி எனலாம். நெடுநேரம் மின்சாரம் வழங்குவதற்கென அமைந்தது டீப் சைக்கிள் பாட்டரி. இங்குச் சைக்கிள் என்பது மிதிவண்டியன்று; மின்சாரம் இறங்கி மீண்டும் ஏறும் ஒரு சுற்றினையே குறிக்கும். ஆதலின் ஆழ்சுழற்சிப் பாட்டரி என்னும் பெயர் அதற்குப் பொருந்தும்.

இரண்டும் ஒரே குலத்தவை. பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் அமைத்த ஈய-அமிலக் கலமே இரண்டிற்கும் மூலம். ஈயத் தகடு ஒன்று, ஈய டை ஆக்சைடு பூசிய தகடு ஒன்று, இடையே நீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் வெளிப்படுகையில் இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட்டு உண்டாகிறது. மின்னேற்றுகையில் அது மீண்டும் பழைய பொருள்களாக மாறுகிறது.

வேறுபாடு தகட்டின் தடிப்பில் இருக்கிறது. தொடக்கப் பாட்டரியில் தகடுகள் மெல்லியன, எண்ணிக்கையில் மிகுதியானவை. அமிலம் தொடும் பரப்பு பெரிதாதலின் பெரும் மின்னோட்டம் ஒரே மூச்சில் வெளிப்படும். ஆழ்சுழற்சிப் பாட்டரியில் தகடுகள் தடித்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை. சுள்ளிக்கட்டு சட்டெனப் பற்றிப் பெருஞ்சுடர் தந்து அடங்குவதையும், அடிமரக் கட்டை மெல்ல நெடுநேரம் எரிவதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பான செய்தி ஒன்று புலப்படும். எஞ்சினைக் கிளப்ப 200 ஆம்பியர் மின்னோட்டம் 3 விநாடி தேவைப்படுவதாகக் கொள்க. அது 600 ஆம்பியர்-விநாடி. அதாவது ஆறில் ஒரு பங்கு ஆம்பியர்-மணி மட்டுமே. 45 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரியில் இது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. வண்டி ஓடத் தொடங்கியதும் ஆல்ட்டர்னேட்டர் இதனைச் சில நிமிடங்களில் ஈடுசெய்துவிடும். வணிகரின் விளக்கும் குளிர்ப்பெட்டியும் 6 ஆம்பியரே இழுக்கின்றன. ஆனால் 5 மணி நேரம் இழுக்கின்றன. ஆகவே செலவு 30 ஆம்பியர்-மணி. பாட்டரியின் மூன்றில் இரண்டு பங்கு! பெரும்பணி என்று தோன்றுவது சிறு செலவாகவும், சிறுபணி என்று தோன்றுவது பெருஞ்செலவாகவும் முடிகின்றன.

ஆழ்ந்து இறங்கினால் மெல்லிய தகட்டிற்குக் கேடு யாது? ஈய டை ஆக்சைடு சல்பேட்டாக மாறும்போது கன அளவில் ஏறத்தாழ இருமடங்காகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பூச்சு இவ்வாறு விரிந்து சுருங்குவதால் தளர்ந்து, உதிர்ந்து, பெட்டியின் அடியில் வண்டலாகத் தங்குகிறது. தொடக்கப் பாட்டரி முற்றும் இறங்கி ஏறுவதைச் சில பத்து முறையே தாங்கும். அடர்ந்த பூச்சும் தடித்த தகடும் உடைய ஆழ்சுழற்சிப் பாட்டரியோ பாதியளவு இறங்குவதைச் சில நூறு முறை தாங்கவல்லது. கோல்ப் மைதான மின்வண்டிகளில் அது இடம்பெறுவது இதனாலேயே.

வாங்குவோர் பெட்டியின்மேல் உள்ள எண்களை நோக்குதல் வேண்டும். தொடக்கப் பாட்டரியில் சி.சி.ஏ. என்னும் எண் காணப்படும். அமெரிக்க முறைப்படி, சுழிக்குக் கீழ் 18 பாகைக் குளிரில், 7.2 வோல்ட்டிற்குக் கீழே இறங்காமல் 30 விநாடி தரக்கூடிய ஆம்பியரை அது குறிக்கும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அக்குளிரை எவரும் காணப்போவதில்லை. எனினும் ஒரு பாட்டரியை மற்றொன்றோடு ஒப்பிட அவ்வெண் உதவும். ஆழ்சுழற்சிப் பாட்டரியில் ஆம்பியர்-மணியே நோக்கத்தக்கது. பெரும்பாலும் இது 20 மணி நேரக் கணக்கு. 100 எனக் குறித்திருந்தால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கிடைக்கும். விரைந்து எடுத்தால் அவ்வளவு கிடைக்காது. பாதிக்குமேல் இறக்காதிருப்பது நன்று என்பதால், 30 ஆம்பியர்-மணி செலவிடுவோர்க்கு 60-க்குக் குறையாத பாட்டரி வேண்டும்.

அப்படியானால் ஆழ்சுழற்சிப் பாட்டரி ஒன்றினையே இரு பணிக்கும் வைத்துக்கொள்ளலாகாதா? போதிய அளவு பெரிதாயின் அது எஞ்சினையும் கிளப்பும். ஆனால் இடமும் விலையும் மிகும். இரண்டிற்கும் நடுவானதொரு வகையும் கடைகளில் உண்டு. அது இரண்டையும் ஓரளவே செய்யும். சந்தை வணிகர்க்கு ஏற்றது இரு பாட்டரிகளைத் தனித்தனியே வைத்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அவற்றை இணைக்கும் ரிலே ஒன்றைப் பொருத்துவதே. அப்போது விளக்குக்குரிய பாட்டரி வற்றினும் எஞ்சின் கிளம்பும்.

வீடு திரும்பும் சிறிது தூர ஓட்டத்தில் ஆழ்சுழற்சிப் பாட்டரி நிறைவதில்லை. குறையாகவே பல நாள் கிடந்தால் சல்பேட்டு இறுகிப்போய் மீளாது. ஆதலின் வீட்டில் சார்ஜர் கொண்டு முழுமையாக ஏற்றுதல் வேண்டும். நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட்டோ சற்று மிகுதியாகவோ காட்டும், 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதியே உள்ளது. சார்ஜரைக் கழற்றிய உடனே அளந்தால் பொய்யான மிகை தெரியுமாதலின், சில மணி நேரம் கழித்தே அளத்தல் வேண்டும்.