மழை நாளில் கோதுமை சேராத நெய் பிஸ்கட்

மாலையில் மழை பிடித்துக்கொண்டால், சாய்ந்த கோபுரம் பக்கம் காலாற நடக்க முடியாது. வீட்டில் தேநீரும் பிஸ்கட்டும்தான் துணை. ஆனால் கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தத் தட்டில் எடுக்க ஒன்றும் இருக்காது. கடை பிஸ்கட்டுகளில் பெரும்பாலானவையும், தீபாவளிக்குச் செய்யும் சூஜி பிஸ்கட்டும் கோதுமையில் ஆனவை. அவரும் உண்ணக்கூடிய பிஸ்கட்டை நீங்களே வீட்டில் செய்யலாம்.

குளூட்டன் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளூட்டன். மைதா மாவு பிசையும்போது இழுபட்டு வருவது இதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இது சிறுகுடலின் உட்சுவரைச் சேதப்படுத்துகிறது. உண்ட உணவின் சத்து உடலில் சேராது. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950ஆம் ஆண்டு தமது ஆய்வேட்டில் விளக்கினார்.

அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடை குறைதல், இரத்தச் சோகை, எலும்பு பலவீனம் ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். 60 வயதுக்கு மேலும் இந்நோய் கண்டறியப்படுவதுண்டு. "வயதாகிவிட்டது, அதனால்தான் களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் பரிசோதனை, பிறகே பத்தியம்

சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரிடம் கேளுங்கள். பரிசோதனை முடியும்வரை கோதுமை உணவை நிறுத்தாதீர்கள். முன்னதாகவே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். நோய் உறுதியானால், குளூட்டனை வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டும்.

தேவையான பொருள்கள் (சுமார் 24 பிஸ்கட்)

- அரிசி மாவு – 150 கிராம்
- பொட்டுக்கடலை மாவு – 50 கிராம்
- பொடித்த சீனி – 60 கிராம்
- உருக்கிய நெய் – 100 கிராம்
- ஏலக்காய்த் தூள், உப்பு – ஒரு சிட்டிகை

செய்முறை

1. மழைக்காலத்தில் மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அரிசி மாவை வெறும் சட்டியில் சிறு தீயில் 5 நிமிடம் வறுத்து ஆறவிடுங்கள். பூசண வாடை அடிக்கும் மாவைக் கொட்டிவிடுங்கள்.
2. எல்லா மாவையும் சீனி, ஏலக்காய், உப்புடன் சலித்து, நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். உருண்டை பிடிக்க வராவிட்டால் ஒரு தேக்கரண்டி பால் சேருங்கள்.
3. சிறு உருண்டைகளாக்கி, தட்டில் வைத்து லேசாக அழுத்துங்கள்.
4. சூடாக்கிய ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம் சுடுங்கள்.
5. குளூட்டன் இல்லாததால் சூட்டில் எடுத்தால் உதிர்ந்துவிடும். தட்டிலேயே முழுவதும் ஆறிய பிறகு, காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். சூட்டோடு மூடினால் நமுத்துப் போகும்.

ஒரு துகளும் கலக்கக்கூடாது

சீலியாக் நோயாளிக்குச் சிறிதளவு கோதுமையும் கெடுதல். சப்பாத்தி மாவு சலித்த சல்லடை, உருட்டிய பலகை ஆகியவற்றைப் பயன்படுத்தாதீர்கள். தனியாக ஒரு சல்லடை வைத்துக்கொள்ளுங்கள். கோதுமையும் அரைக்கும் மில்லில் அரிசியை அரைத்து வாங்க வேண்டாம். கோதுமை பிஸ்கட்டையும் இதையும் ஒரே டின்னில் போடாதீர்கள்.

கோதுமை மறைந்திருக்கும் பொருள்களும் உண்டு. ரவையும் கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. மால்ட் பானங்களில் பார்லி உண்டு. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, குளூட்டன் உள்ள தானியங்களைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும். 'கண்டும்' என்ற மலாய்ச் சொல் கோதுமையைக் குறிக்கும். எழுத்து சிறியதாக இருந்தால் பேரப்பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்திற்கு

குளூட்டன் இல்லாதது என்றால் சீனி இல்லாதது என்று பொருளல்ல. இந்த பிஸ்கட் இரண்டில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சீனி இருக்கிறது. அரிசி மாவும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். ஒன்று அல்லது இரண்டுடன் நிறுத்தி, தேநீரைச் சீனி இல்லாமல் குடியுங்கள். சீலியாக் போன்ற காரணம் எதுவும் இல்லாதவர்கள், சப்பாத்தியை விட்டு இதற்கு மாறுவதால் நீரிழிவு குறையாது.

இடி மின்னல் பலமாக இருந்தால் ஓவனை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மழை விட்ட பிறகு சுட்டுக்கொள்ளலாம். வீட்டில் எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்ணலாம்.