யானைக்கு எதிரே எந்தத் துவக்கு?

மாத்தளையிலிருந்து வடக்கே நாலந்தையைக் கடந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இன்று பஸ்ஸேறுவோர், கண்ணயர்ந்து விழிப்பதற்குள் ஊர்போய்ச் சேர்ந்துவிடுகின்றனர். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இதே வழி வேறு விதமாக இருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகக் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர், காடு மேடெல்லாம் கால்நடையாகக் கடந்து தம்புள்ளை, நாலந்தை வழியாகவே மாத்தளையை அடைந்தனர். நோயும் காட்டு விலங்குமே அவ்வழியின் இரு பெரும் பயங்கள். அவர்களிடம் கைத்தடிக்கு மேல் ஆயுதம் எதுவுமில்லை. துவக்கு இருந்தது துரைமார் கையில்.

அத்துரைமாரிடையே ஓயாது நடந்த விவாதம் ஒன்றுண்டு. யானையை எதிர்ப்பதற்கு எத்தகைய துவக்கை வாங்குவது என்பதே அது. கொன்ற கொலைகளை நாம் இங்கே புகழ வரவில்லை. ஆயினும் அவ்விவாதத்திலே விலங்கியலும் பௌதிகமும் பின்னிக் கிடக்கின்றன. நம் மாணவர் அறிந்துகொள்ளத்தக்கவை பல உள்ளன.

அக்காலத்தில் யானையைக் கொல்வது குற்றமன்று. கொன்றவருக்கு அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 யானைகளுக்கு மேல் மாண்டன என்று எமர்சன் டெனன்ட் எழுதி வைத்துள்ளார். மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஒருவரே 1,400 யானைகளைச் சுட்டதாகக் கணக்கு. அவரை எந்த யானையும் கொல்லவில்லை. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார்.

இவர்கள் கையாண்டவை பெரும்பாலும் றைபிள்களே அல்ல. குழாயின் உட்புறம் வழவழப்பான சாதாரணத் துவக்குகளில், ஈயத்தோடு வெள்ளீயமோ பாதரசமோ கலந்து கடினமாக்கிய உருண்டைக் குண்டுகளை இட்டுச் சுட்டனர். 1840களில் இங்கு வந்த சாமுவேல் பேக்கர் இதைக் கண்டு வியந்து எழுதினார். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் புகழ்பெற்றாரே, அவரேதான். அவர் கொண்டுவந்த றைபிள் பிறிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவர் செய்து கொடுத்தது. ஒற்றைக் குழாய், குழாயின் நீளம் 36 அங்குலம், மொத்த நிறை 21 இறாத்தல். கூர்முனைக் குண்டு ஒவ்வொன்றும் நான்கு அவுன்ஸ். நம் வீட்டுச் சமையலறையில் உள்ள அம்மிக் குழவியைத் தோளில் தாங்கிக் குறிபார்ப்பதற்கு நிகரான காரியம் இது. தெளிந்த தோள்பலமும், சுட்டவுடன் பின்னே வந்து தாக்கும் உதையைப் பொறுக்கும் மனமும் வேண்டும்.

இத்தனை பாரம் எதற்கு என்று கேட்கலாம். யானையின் தலையைப் பிளந்து பார்த்தால் விடை கிடைக்கும். அம்மாபெரும் மண்டையின் பெரும்பகுதி, தேனடையைப் போலச் சிறு சிறு காற்றறைகள் நிறைந்த எலும்பே. மூளையோ அதன் உட்புறத்தே, இரண்டு காதுகளுக்கும் நடுவே, பின்தள்ளி அடக்கமாக இருக்கின்றது. நெற்றியில் பட்ட குண்டு அந்தத் தேனடையைத் துளைத்து நேரே சென்றாலன்றி மூளையை எட்டாது. ஓரங்குலம் விலகினால் யானை ஒரு கணம் திகைக்கும், பிறகு வரும். ஈயக்குண்டு மிருதுவாயின் எலும்பில் நசுங்கித் தட்டையாகிப் பாதியில் நின்றுவிடும். பாரமும் கடினமும் தேவைப்பட்டது இதற்காகவே.

இன்னொரு செய்தியும் வேடிக்கையானது. நெற்றிக்கு நேரே சுடும் இலங்கை வழக்கத்தைப் பேக்கர் ஆபிரிக்காவிலும் கையாண்டு பார்த்தார்; பலிக்கவில்லை. ஆபிரிக்க யானையின் மண்டை அமைப்பு வேறு. ஓர் ஊரின் அனுபவம் மற்றோர் ஊரில் செல்லாக்காசாகிவிட்டது.

துவக்குக்கு ‘நம்பர்’ சொல்லும் முறையையும் இங்கே கூறிவிடலாம். ஓர் இறாத்தல் ஈயத்திலிருந்து ஒரே அளவான எத்தனை உருண்டைகள் வார்க்கலாம், அவ்வுருண்டை அடங்கும் குழாய்க்கு அத்தனையாம் நம்பர். ஆகவே 12ஆம் நம்பரை விட 4ஆம் நம்பர் பெரியது. எண் குறையக் குறையத் துவக்கு பெருக்கும்! புதிதாகக் கேட்போர் தலைகீழாக விளங்கிக்கொள்வது இதனாலேயே.

பெரிய துவக்கிலும் ஒரு தீராத குறை இருந்தது. கரிமருந்து வெடித்ததும் எழும் வெண்புகை சுட்டவன் முகத்துக்கு எதிரே திரையாக நின்றுவிடும். விழுந்தது யானையா, புகைக்குப் பின்னால் வருவது யானையா என்பது தெரியாது. இலங்கைக் காட்டில் யானையைச் சுடுவது பெரும்பாலும் இருபது பாகத்துக்குள்ளேதான். மாத்தளைப் பக்கத்து இலுக்கும் மானாப் புல்லும் ஆளை மறைக்கும் உயரம் வளர்பவை. அங்கே ஐந்து விநாடிக் குருட்டுத்தனம் ஓர் ஆயுளை முடிக்கப் போதும்.

புகையற்ற கோர்டைட் மருந்து வந்ததும் இந்நிலை மாறிற்று. 1898இல் லண்டன் றிக்பி கம்பெனியார் .450 நைட்ரோ எக்ஸ்பிறஸ் றைபிளை வெளியிட்டனர். குழாய்த் துவாரம் அங்குலத்தில் நூற்றில் நாற்பத்தைந்து பங்கே. ஆனால் குண்டின் வேகமோ முன்னைய துவக்குகளுக்கு எட்டாதது. குண்டுக்கு உலோக உறையும் இட்டபடியால் எலும்பில் நசுங்கும் கவலை ஒழிந்தது. நாலு அவுன்ஸ் ஈயம் செய்த வேலையை ஓர் அவுன்ஸுக்குச் சற்றே மேற்பட்ட குண்டு செய்தது. இயங்கும் பொருளின் சக்தி அதன் திணிவோடு நேராகவும் வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகும் என்று பௌதிக வகுப்பில் படிக்கிறோமே, அதன் கண்கண்ட உதாரணம் இது.

அதற்குள் அரசியல் குறுக்கிட்டது. .450 தோட்டாக்கள் கலகக்காரரின் பழைய மார்ட்டினி ஹென்றி துவக்குகளுக்கு உதவிவிடும் என்று அஞ்சி, 1907இல் பிரித்தானிய அரசினர் அவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவருவதைத் தடுத்தனர். துவக்குச் செய்வோர் சும்மா இருப்பார்களா? துவாரத்தை அணுவளவு அகட்டி .470, .465, .475 என்று புதிய அளவுகளைப் படைத்தனர். இன்றுவரை பெயர்பெற்று நிற்கும் .470 றைபிள் யானையின் வேண்டுகோளால் பிறந்ததன்று. சுங்கச் சட்டத்தால் பிறந்தது.

பின்னர் எழுந்தது மற்றொரு வழக்கு. இரட்டைக் குழாயா, ஒற்றைக் குழாயில் தோட்டாக்களை அடுக்கி நெம்பி இழுக்கும் மகசீன் வகையா? பின்னது விலை மலிவு. நாலைந்து குண்டு கொள்ளும். முன்னதில் இரண்டே குண்டு. ஆனால் இரண்டாவதைச் சுட விரலைச் சிறிது நகர்த்தினால் போதும். கண்ணைக் குறியிலிருந்து எடுக்க வேண்டுவதில்லை. கைவசம் நாலு குண்டு இருந்தும், யானை வரும் வேகத்தில் இரண்டுக்கு மேல் சுட நேரம் ஏது?

பெரிய துவக்குக் கட்சியாரைத் திகைக்க வைத்தவர் கறமோஜோ பெல் என்னும் ஸ்கொத்லாந்தர். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற அவர், அவற்றுள் பெரும்பாலானவற்றை மான் சுடும் 7 மில்லிமீற்றர் றைபிளாலேயே வீழ்த்தினார். குண்டு மெல்லியது, நீண்டது. ஆதலின் ஊசிபோல் ஊடுருவியது. யானை மண்டையை வாளால் அறுத்து, மூளை கிடக்கும் இடத்தை அவர் பாடமாக அறிந்திருந்தார். குறி தப்பாதவனுக்குப் பாரம் எதற்கு என்பது அவர் வாதம். எமக்கு இவ்வாதம் முழுதும் உடன்பாடன்று. யானை தன்னை அறியாது நிற்கையில், நிதானமாக இடம்பார்த்துச் சுடுபவனுக்கு அது பொருந்தும். பத்துப் பாகத்தில் புல்லைப் பிளந்துகொண்டு ஓடிவரும் யானையைக் கொல்லாவிடினும் நிறுத்தியாக வேண்டும். ஊசி அதற்கு உதவாது, உலக்கைதான் உதவும். கொல்லும் துவக்கு வேறு, தடுக்கும் துவக்கு வேறு.

அத்தகைய துவக்கு ஒன்றும் மாத்தளைக் கமக்காரன் கையில் என்றும் இருந்ததில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் பழைய வேட்டைக் காலத்தை முடித்தது. 1916ஆம் ஆண்டின் துவக்குச் சட்டத்தின் கீழ், பயிரைக் காக்கவென அனுமதிப்பத்திரத்துடன் கமக்காரன் பெறுவது பெரும்பாலும் 12ஆம் நம்பர்ச் சன்னத் துவக்கு. அனுமதியில்லாதோரிடம் இடியன்; பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு. பெரிய சன்னம் ஒன்றின் நிறை ஓர் அவுன்ஸில் எட்டில் ஒரு பங்களவே. யானையின் தோலோ சில இடங்களில் ஓரங்குலத் தடிப்பு. சன்னம் தோலுக்கடியில் தங்கும், புண் சீழ்ப்பிடிக்கும். பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கு யானையின் காலை உடைக்கும். யானை அன்றிரவு சாவதில்லை. மாதக்கணக்கில் நொண்டி அலைகின்றது. அந்த வேதனையோடு அடுத்த ஊர்ச் சேனைக்குள் நுழையும் யானைக்கு எதிரே நிற்பவன் இன்னொரு ஏழைக் கமக்காரன். பேக்கர் 21 இறாத்தலைச் சுமந்தது எந்த ஆபத்தைத் தவிர்க்கவோ, அதே ஆபத்தை இச்சிறு துவக்கு அயலானுக்கு அனுப்பி வைக்கின்றது.

கமக்காரனை மாத்திரம் குறைகூறுவது நீதியன்று. ஓராண்டு உழைப்பை ஓரிரவில் இழப்பவன் கையில் கிடைத்ததை எடுக்கவே செய்வான். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே வஸ்கமுவைப் பூங்கா. வடக்கே சீகிரியாக் காடுகள். நடுவே குளமும் வயலும் பெருகிய குடியேற்றங்கள். யானை நடந்த பழைய வழிகள் பல இவற்றுக்கிடையே அகப்பட்டுக் கிடக்கின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையின் காட்டு யானைகள் 5,879. 2023இல் மாத்திரம் நாடெங்கும் 470க்கு மேற்பட்ட யானைகளும் 160க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர்.

இன்று யானைக்கு எதிரே சட்டப்படி துவக்கு ஏந்திச் செல்பவர்களுள் வனசீவராசிகள் திணைக்களத்து மிருக வைத்தியரும் ஒருவர். அவருடைய துவக்கில் குண்டில்லை; மயக்க மருந்து நிரப்பிய ஊசி இருக்கின்றது. அவருக்கும் தெரிவுச் சங்கடம் உண்டு. அருகில் நின்று மிகுந்த விசையோடு செலுத்தினால் ஊசியே காயமாகும். தொலைவிலிருந்து மெதுவாகச் செலுத்தினால் தோலில் பட்டுத் தெறிக்கும். மருந்து குறைந்தால் யானை திரும்பும், கூடினால் எழாது. நிறையை மதிக்க அவருக்கு உதவும் கணக்கொன்று அன்றைய வேட்டைக்காரரும் அறிந்திருந்ததே. ஈரமண்ணில் பதிந்த முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூல் பிடித்து, அந்த நீளத்தை இரட்டித்தால் யானையின் தோளுயரம் ஏறத்தாழக் கிடைக்கும். அதைக்கொண்டு மருந்தளவைத் தீர்மானித்து, யானை சாய்ந்ததும் சீழ் கழுவி, எட்டிய சன்னங்களை எடுத்து, மாற்று மருந்தைக் காதோரத்து நரம்பில் ஏற்றிவிட்டு, அது எழுந்து நிற்பதற்குள் அவரும் உதவியாளரும் ஜீப்பை எட்டிவிட வேண்டும்.